ஏரி காஞ்ச கதை: இன்யோ கவுன்ட்டி

இன்னிக்கு நாம கலிஃபோர்னியா போறோம். சிலிக்கான் வேலி, ஹாலிவுட் பக்கமெல்லாம் போகல. சியரா நெவாடா மலைக்குக் கிழக்கே இருக்கிற இன்யோ கவுன்ட்டிக்குப் போறோம். கவுன்ட்டின்னா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி.

பரப்பளவு 26,000 சதுர கி.மீ.க்கு மேல. மக்கள்தொகை? 2020 கணக்குப்படி சுமார் 19,000 தான்! அலாஸ்காவைத் தவிர்த்துட்டா, அமெரிக்காவோட உயரமான சிகரம் மவுண்ட் விட்னி இதோட மேற்கு எல்லையில நிக்குது, 4,421 மீட்டர். வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடமான பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, அதுவும் இதே கவுன்ட்டியில.

நம்ம கதை இது ரெண்டுக்கும் நடுவுல, ஓவன்ஸ் பள்ளத்தாக்குல நடக்குது. மலைப்பனி உருகி ஓவன்ஸ் ஆறாகி, ஓவன்ஸ் ஏரியில வந்து சேரும். 1870-கள்ல அந்த ஏரியில நீராவிப் படகே ஓடியிருக்கு. அங்க வாய்க்கால் வெட்டிப் பாசனம் செஞ்ச பூர்வகுடிகள் பையூட் மக்கள். 1863-ல ராணுவம் அவங்கள்ல நூத்துக்கணக்கானவங்களை அங்கிருந்து வெளியேத்துச்சு. நிலம் புதுசா வந்த விவசாயிகள் கைக்குப் போச்சு.

அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் வந்துது. வளர்ற நகரத்துக்குத் தண்ணி வேணும். 1905-லேர்ந்து நிலத்தையும் நீர் உரிமையையும் வாங்க ஆரம்பிச்சாங்க. அரசாங்கத்தோட பாசனத் திட்டத்துக்குத்தான் போகுதுன்னு நம்பி வித்தவங்களும் உண்டு. 1913 நவம்பர்ல கால்வாய் திறந்தாச்சு. வில்லியம் முல்ஹாலண்ட் தலைமையில கட்டினது. சுமார் 375 கி.மீ. நீளம், பம்ப்பே கிடையாது, முழுக்கப் புவியீர்ப்புதான். ஒரு இன்ஜினியரா எனக்கு இந்த டிசைன் பிரமிப்புதான். ஆனா இந்தப் பக்கம் 1920-கள்லயே ஏரி காஞ்சு போச்சு.

விவசாயிகள் சும்மா இருக்கல. 1924-ல கால்வாய்க்கு டைனமைட் வெச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல மதகைக் கைப்பற்றி, தண்ணியைப் பழையபடி பள்ளத்தாக்குக்கே திருப்பி விட்டாங்க. 1927-ல அவங்க பணம் இருந்த உள்ளூர் வங்கி திவாலாச்சு. போராட்டமும் முடிஞ்சுது.

மான்சனார்னு ஒரு ஊர். ஸ்பானிஷ்ல ஆப்பிள் தோட்டம்னு அர்த்தம். நகரம் அந்த நிலத்தையும் வாங்குச்சு, ஊர் காலியாச்சு. 1942-ல அதே இடத்துல முள்வேலி போட்டு, 10,000 ஜப்பானிய அமெரிக்கர்களை அடைச்சு வெச்சாங்க. பெரும்பாலானவங்க அமெரிக்கக் குடிமக்கள்.

காஞ்ச ஏரி என்னாச்சு? காத்தடிச்சா உப்புத் தூசி கிளம்பும். நுரையீரலுக்குள்ள போற நுண்துகள் அமெரிக்காவிலேயே அதிகமா கிளம்பின ஒரே இடம் அதுதான். கடைசியில 2001-லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸே அங்க தண்ணி விட்டு, சரளைக்கல் கொட்டி, புல் வளர்த்துத் தூசியை அடக்குது. இதுவரைக்கும் ஆன செலவு 200 கோடி டாலருக்கு மேல. தண்ணி நிக்கிற இடங்களுக்குப் பறவைகள் திரும்பி வருது.

பேப்பர்ல பார்த்தா பெரும்பாலும் முறையான கிரயம்தான். வித்தவருக்குக் காசு கிடைச்சுது. பக்கத்துல தூசியைச் சுவாசிச்சவங்களுக்கு என்ன கிடைச்சுது? தண்ணிக்கு விலை போடும்போது இவங்களையும் கணக்குல சேர்க்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

நீங்க என்ன நெனைக்கிறீங்க? சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!