எலும்பு கூடிவிட்டது, கத்தி பிடிக்க முடியுமா?

(கிள்ளான் வட்டாரக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எலும்பு முறிந்து ஆறியவர் வேலைக்குத் திரும்புவதைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் பேச வேண்டிய விஷயம் இது. செயலாளர் என்னைப் பிடித்ததற்குக் காரணம் என் படிப்பு அல்ல, என் வலது மணிக்கட்டு. பேரேடு எழுதும்போது அது கொஞ்சம் கோணி நிற்பதை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள்.

நான் பிறவிக் கிராணி அல்லன். 1988-ஆம் ஆண்டு வரை பால் வெட்டினவன். அந்த ஆண்டு மழைக்காலத்தில், இரண்டு வாளிப் பாலையும் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது வழுக்கிற்று. கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். கட்டுப் பிரித்த மறுநாள் விடியற்காலையிலேயே பெரட்டுக் களத்தில் போய் நின்றுவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. என் நிரையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயந்தான் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

கத்தியைப் பிடிக்க முடிந்தது, ஆனால் கை திரும்பவில்லை. நம் தொழிலில் பலத்தைவிடத் திருப்பந்தான் முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும். மேலிருந்து கீழாகச் சரிந்து போகும் கோட்டில், பட்டையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வந்து, மரத்தைத் தொடாமல் கத்தியை எடுக்க வேண்டும். அதற்கு மணிக்கட்டு ஒவ்வொரு அங்குலத்துக்கும் திரும்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு அது மரக்கட்டையாய் இருந்தது. கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. ஐம்பதாவது மரம் போவதற்குள் கை வீங்கிப் போயிற்று. மண்டோர் வந்து பார்த்தார். என் கையைப் பார்க்கவில்லை, மரத்திலிருந்த காயங்களை எண்ணினார். எந்தத் தோட்டம், எந்த மண்டோர் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்வதால் இப்போது யாருக்கும் லாபமில்லை.

எனக்கு அன்று தெரியாமல் போன ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எலும்பு கூடுவது ஒரு காரியம், மூட்டு திரும்புவது வேறு காரியம். கட்டுக்குள் இருக்கும் வாரங்களில் சதை சுருங்கிப் போகும், மூட்டு இறுகிப் போகும். கட்டுப் பிரித்தபின் அவற்றை மீட்பதற்கு உடற்பயிற்சிச் சிகிச்சை தேவை. அதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். மணிக்கட்டு முறிவு ஏறக்குறைய ஆறு வாரத்தில் கூடும் என்றால், கீழ்க்காலின் பெரிய எலும்புக்கு மூன்று நான்கு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். அந்தக் காலோடுதான் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனி நனைந்த சரிவில் ஐந்நூறு மரம் சுற்ற வேண்டும்!

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு மெலிந்துபோவதால், சாதாரணமாய் விழுந்தாலே மணிக்கட்டு முறிகிறது. டாக்டர் கொடுத்த ஓய்வு தோட்ட வேலைக்கு மட்டுந்தான் என்று நினைத்து வீட்டில் துணி பிழிகிறீர்கள், தண்ணீர் தூக்குகிறீர்கள். முறிந்த கைக்குத் தோட்டத்து வாளியும் வீட்டு வாளியும் ஒன்றுதான். வீட்டுக்காரர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நம்மவர்களில் பலர் சின்சேயிடம் போகிறார்கள், எண்ணெய்க் கட்டுப் போடுகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் மஸாஜ் நிலையங்களுக்கும் போகிறார்கள். நான் அவர்களைக் குறைசொல்ல வரவில்லை. நானே போயிருக்கிறேன், முதுகுவலிக்கு அருமையான கை. ஆனால் எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடிவிட்டது என்று தெரியுமுன் முறிந்த இடத்தை யாரிடமும் பிடித்துவிடக் கொடுக்காதீர்கள். அங்கே கைதேர்ந்த ஒருவர் என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எப்போது முறிந்தது?” என்று கேட்ட பிறகுதான் எண்ணெயைத் தொட்டார். கண் உள்ள எத்தனை பேர் அப்படிக் கேட்கிறார்கள்?

இனிப் பணத்துக்கு வருவோம். முன்பு 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் கீழ், நிரந்தர ஊனத்துக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். கடைக் கடனை அடைத்தால் அதோடு போயிற்று. சொக்சோ என்று நாம் சொல்லும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969-இல் நிறைவேறி 1971-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வேலையில் அடிபட்டு டாக்டர் குறைந்தது நான்கு நாள் எம்.சி. கொடுத்தால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு சொக்சோ தருகிறது. வேலை செய்து சம்பளம் வாங்கிய நாளுக்கு அது கிடையாது. ஆகவே எம்.சி.யை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அரைநாள் நிரைக்குப் போகிறவர், அந்த நாளின் சொக்சோ பணத்தையும் இழந்து, கையையும் கெடுத்துக்கொள்கிறார். அந்தத் தற்காலிக ஊனக் காலத்தில் முதலாளி உங்களை வேலைநீக்கம் செய்யவும் கூடாது, தண்டிக்கவும் கூடாது. 1988-இலும் இது சட்டத்தில் இருந்தது. எனக்குச் சொல்வாரில்லை.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். “வேலைக்குத் திரும்பினால் ஊனப் பணம் நின்றுவிடும்” என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வேலை விபத்தில் மருத்துவக் குழு நிரந்தர ஊனம் என்று விழுக்காடு போட்டுக் கொடுத்தது, நீங்கள் வேலை செய்தாலும் நிற்காது. இதை நம்பாமல் வீட்டிலேயே உட்கார்ந்து சோர்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். சீக்கிரம் போய்க் கெட்டவன் நான். போகாமலே கெட்டவர்கள் அவர்கள்.

2007-ஆம் ஆண்டு ஜனவரி முதல் சொக்சோவில் ‘வேலைக்குத் திரும்பும் திட்டம்’ நடக்கிறது. கேஸ் மேனேஜர் ஒருவர் டாக்டரிடமும் நிர்வாகத்திடமும் பேசுவார். முதலில் பழைய முதலாளியிடம் பழைய வேலை, முடியாவிட்டால் அங்கேயே வேறு வேலை, அதுவும் இல்லையென்றால் வேறு இடத்தில் வேலை, இப்படிப் படிப்படியாய்ப் பார்ப்பார்கள். மலாக்காவில் 2014-இல் திறந்த துன் ரசாக் மறுவாழ்வு நிலையத்தில் சிகிச்சையும் பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஆனால் நாம் கேட்க வேண்டும். அடிபட்ட எல்லார் வாசலுக்கும் கேஸ் மேனேஜர் தானாக வந்துவிடுவார் என்று காத்திருக்காதீர்கள்.

நம் வழக்குகள் பெரும்பாலும் சிக்குவது ‘லேசான வேலை’ என்ற இரண்டு சொல்லில்தான். கிள்ளான் ஆஸ்பத்திரியில் இருக்கும் இளம் டாக்டர் ரப்பர் மரத்தை அருகே நின்று பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். இந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டதே! அவர் ‘லேசான வேலை’ என்று எழுதுகிறார். தோட்டத்தில் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம். எனக்குக் கொடுத்த லேசான வேலை, மங்குகளைச் சாக்கில் கட்டிச் சுமப்பது. ஆகவே டாக்டரிடம் கையை ஆட்டிக் காட்டுங்கள். கத்தி எப்படித் திரும்புகிறது, எத்தனை மரம், ஒரு வாளி எத்தனை கிலோ, மேடு எவ்வளவு என்று சொல்லுங்கள். “எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, மணிக்கட்டைத் திருப்பலாமா, எந்தத் தேதி வரை, மறுபடி எப்போது பார்ப்பீர்கள்” என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் கிளைச் செயலாளர் நிர்வாகத்தோடு பேச முடியும். முதல் வாரம் ஸ்டோரில் பால் நிறுப்பது, பிறகு பாதி நிரை, பிறகு முழு நிரை என்று கேட்க முடியும். நிறைக்குக் கூலி வாங்குகிறவருக்கு அந்த வாரங்களில் என்ன கணக்கு என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும், சம்பளத்தன்று அல்ல.

கிராணிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை, ஆனால் பேனா உங்கள் கையில். “வழுக்கி விழுந்தார்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நிரை, எத்தனை மணி, எந்தக் கை, தோளில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். இப்போது நம்மில் பலர் தாமானில் குடியிருந்து மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வருகிறோம். வீட்டிலிருந்து வேலைக்கு நேராக வரும் வழியில் விழுந்தாலும் சட்டம் காக்கும். பாதையை விட்டு விலகிச் சொந்த வேலையாய்ப் போயிருந்தால் சிக்கல். அதனால் எந்தச் சாலையில் என்பதையும் எழுதுங்கள்.

நான் பேச வேண்டியது இவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் பின்மேசையில் இருப்பேன். எம்.சி.யும் எக்ஸ்ரே படமும் கொண்டு வந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். தேநீர் அப்புறம் குடிக்கலாம்.