வைகை அணையும் ஆரப்பாளையத்து மணலும்



அணை கட்டுவதால் நன்மையா தீமையா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கு! நான் ஆரப்பாளையத்துக்காரன். எங்க பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் ஏறி ஆண்டிபட்டியில் இறங்கினால் வைகை அணை பக்கம்தான். அந்த ஓர் அணையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து நம் பக்கம் திருப்பியது. வந்த தண்ணீரைத் தேக்க இங்கே பெரிய இடமில்லை. 1959-இல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறந்த வைகை அணை அந்தக் குறையைத் தீர்த்தது. 71 அடி வரை தேக்கலாம். மேலூர் வரை நெல் விளைகிறது. மதுரைக்காரர்கள் குடிப்பதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். இதை மறந்து பேசினால் நன்றி கெட்டவனாவேன்.

ஆனால் எங்க அப்பத்தா ஒன்று சொல்லும். கோடையில் ஆற்று மணலைக் கையால் பறித்தாலே ஊத்து வருமாம். குடத்தோடு காத்திருந்து மொண்டு வருவார்களாம். இன்றைக்கு அங்கே ஊத்துமில்லை, மணலுமில்லை. சாக்கடை ஓடுகிறது. அழகர் ஆற்றில் இறங்கவே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

பழியெல்லாம் அணைமேல் போட முடியாது. லாரி லாரியாக மணல் அள்ளியது நாம்தான். ஆனால் அள்ளிய பள்ளம் ஏன் திரும்ப நிறையவில்லை? மேலே வெள்ளம் உருட்டிவரும் மணலும் வண்டலும் அணைக்குள்ளேயே படிந்துவிடுகின்றன. அங்கே கொள்ளளவு குறைகிறது. இங்கே ஆறு பள்ளமாகிறது. மணல் போனால் வெள்ளத் தண்ணீரைப் பிடித்துவைத்து நிலத்துக்குள் விடுவதும் போச்சு. படிக்கும்போது நானும் தண்ணீருக்குத்தான் கணக்குப் போட்டேன். மணலுக்கும் ஒரு கணக்கு உண்டென்று வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

நீரில் மூழ்கிய ஊர்களின் கணக்கு வேறு இருக்கிறது. அதைப் பொறியாளர் எழுதவில்லை. வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தில் எழுதினார். 2003-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். சிவில் மாணவர்கள் அவசியம் படியுங்கள், பரீட்சைக்கு வராது என்றாலும்.

இனி புது அணைக்கு மதிப்பீடு போடும் தம்பிகள், தூர்வாரும் செலவையும், கீழே ஆற்றுக்கு விடவேண்டிய தண்ணீரையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறப்போகிறேன். அணையைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் வரலாம். டிக்கெட் என் செலவு. டிபன் அவரவர் பாடு.