முதலில் ஓதம், பிறகு ஓடம்



சட்டப் புத்தகத்தைப் பார்த்தால், திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் தூண்களுக்கிடையே கிடப்பது ஒரு தேசிய நீர்வழி. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தொடரையும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளையும் சேர்த்து, 1,078 கிலோமீட்டர் நீளத்துக்கு நான்காம் தேசிய நீர்வழி என்று 2008இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தத் தொடரில் மிக நீளமான கண்ணி பக்கிங்காம் கால்வாய்தான். ரயிலைப் பிடிக்க ஓடுகிற மயிலாப்பூர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த நீர்வழியைக் கடக்கிறார். சட்டத்துக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற இந்தத் தூரத்தை அளக்கத்தான் நீரியல் அறிஞர்களும் பறவை ஆர்வலர்களும் வரலாற்று ஆய்வாளர்களும் நகரமைப்பாளர்களும் இங்கே கூடியிருக்கிறார்கள்.

கால்வாய் மீட்பு பற்றிய இந்தக் கருத்தரங்குக்கு வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் புரட்டினால் ஒரு போக்கு கண்ணில் படுகிறது. பாதிக்கு மேற்பட்டவை படகுத்துறையில் தொடங்குகின்றன. நடைபாதை, அலங்கார விளக்கு, உணவகம் என்று கரையேறிவிடுகின்றன. ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதைப் பற்றி, பேசுபவை மிகச் சில. தலைமை வகிப்பவருக்கு உள்ள சிறிய உரிமையைக் கொண்டு அந்த வரிசையை மாற்றிவைப்பதே இந்த உரையின் வேலை.

பேசில் காக்ரேன் என்ற வணிகர் 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியது இந்தக் கால்வாய். நெடுங்காலம் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு பழவேற்காடு ஏரியைத் தொட்டு, வடக்கே ஆந்திரக் கரையோரமாகப் பெத்தகஞ்சம் வரையும், தெற்கே மரக்காணம் வரையும் நீண்டு, ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஆயிற்று. கடலை ஒட்டியே ஓடும் உப்புநீர்க் கால்வாய் இது. ஆற்று முகத்துவாரங்கள் வழியாக உள்ளே வரும் கடல்நீரை நம்பி வெட்டப்பட்டது. உப்பு, விறகு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், காய்கறி என்று சகலமும் இதில் வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் போதாத இடத்தில் ஆட்கள் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுப்பார்கள். மயிலாப்பூரின் தண்ணித்துறையில் சரக்கு இறங்கியது இப்படித்தான்.

இவ்வளவு நீளத்தில் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் உரிய துண்டு மிகச் சிறியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற அந்த நடுப்பகுதி ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் அதன் பிறப்பு மற்றப் பகுதிகளின் பிறப்பைப் போன்றதல்ல. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக அது வெட்டப்பட்டது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய் முழுவதற்கும் நிலைத்துவிட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பஞ்ச வேலைக்கு வரும் வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, மத்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். கடப்பாரை பிடிக்கிற உடம்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். கால்வாயோரம் பொழுதுபோக்கு இடங்களை வரைந்து வைத்திருப்பவர்கள், அவற்றில் ஒன்றிலாவது இந்தச் செய்தியைச் சொல்ல இடம் ஒதுக்க வேண்டும். மந்தைவெளியில் நடைபயிற்சி போகிறவர் எந்தப் பள்ளத்தின் ஓரமாக நடக்கிறார் என்று தெரிந்துகொள்வதால் அவர் பொழுது கெட்டுவிடாது.

பொழுதுபோக்கு இந்தக் கால்வாய்க்குப் புதிதும் அல்ல. 1930களில் பாரதிதாசன் நண்பர்களோடு தோணியில் மாமல்லபுரம் போய்வந்தார். ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை அந்தப் பயணத்தில் விளைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் விரைந்து, கடற்கரைக் கோயிலைப் படம் பிடித்து, பஜ்ஜி தின்று, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிற இன்றைய சென்னைவாசிக்கு அந்த நிதானம் விளங்குவது கடினம்.

வீழ்ச்சிக் கதை எல்லோரும் அறிந்தது, விரைவாகச் சொல்லிவிடலாம். ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1965, 1966 புயல்கள் கரைகளைச் சிதைத்தன. செப்பனிட ஆர்வம் இருக்கவில்லை. நகரம் வளர வளரக் கழிவுநீர் உள்ளே திரும்பியது. பிறகு வந்தது பறக்கும் ரயில். 1995இல் சேப்பாக்கம், 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று தெற்கே இறங்கியது. வீடுகளை இடிக்காமல் நகரத்தின் நடுவே கிடைத்த நேர்கோடு கால்வாய் ஒன்றுதான் என்பதால் தூண்களைக் கால்வாயிலேயே ஊன்றினார்கள். ஒரு பொதுப் போக்குவரத்து இன்னொன்றின் மேல் ஏறி நின்றது. அந்த ரயிலை இனி அகற்றச் சொல்வதில் பயனில்லை, நியாயமும் இல்லை. தூண்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் தண்ணீரை என்ன செய்வது என்பதே கேள்வி.

இப்போது ஓதத்துக்கு வரலாம்.

சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் பாவ்நகரில் அது பத்து மீட்டர் அளவுக்கு எழும்பும். அந்த ஒரு மீட்டரை நம்பித்தான் முன்னோர் படகு விட்டார்கள். கடல் உள்ளே வரும்போது வாங்கி, மதகுகளால் பிடித்து நிறுத்தி, மட்டத்தைக் காத்தார்கள். படகை மிதக்கவிட்ட அதே நீர்தான் மடவை மீனையும் இறாலையும் உள்ளே கொண்டுவந்தது; சேற்றுக் கரையை மூடித் திறந்து, உள்ளானும் கொக்கும் மேய இடம் விட்டது; அலையாத்தி மரங்களுக்கு வேண்டிய உப்பை அளவாகக் கொடுத்தது. தேங்கிய நீரை வெளியே இழுத்துப் போனதும் அதுதான்.

முகத்துவாரம் அடைபட்டால் இவை எல்லாம் ஒருசேர நின்றுவிடும். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழத் தொடங்கியதும், அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அகன்ற மெரினாவை நகரம் கொண்டாடியது. கூவத்தின் வாய் மணலால் அடைபட்டது. மயிலாப்பூர்க் கால்வாயை வெட்டிய பத்தாண்டும் அதன் ஒரு முனைக்கு மூச்சுத்திணறலைத் தொடங்கிவைத்த பத்தாண்டும் ஒன்றே என்பது வேடிக்கைதான். அடையாற்றின் வாயிலும் மழை ஓய்ந்து ஆற்றில் விசை குறைந்தால் மணல்திட்டு எழும்பிவிடும். பெருவெள்ளம் வந்து உடைக்க வேண்டும், அல்லது நீர்வளத் துறை இயந்திரம் கொண்டு வெட்டிவிட வேண்டும். ஊரூர் குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் இருக்கிற மீனவர்களுக்கு இது ஆய்வுக் கட்டுரை தேவைப்படாத செய்தி. இந்த அரங்கின் பார்வையாளர் வரிசையில் அவர்களில் சிலர் இருக்கிறார்கள். அடுத்த முறை மேடை வரிசையில் இருக்க வேண்டும்.

ஓதம் திரும்பினால் என்ன நடக்கும் என்பதைக் காண அயல்நாடு போக வேண்டியதில்லை, பட்டினப்பாக்கத்தை ஒட்டியே பார்க்கலாம். அடையாற்றுக் கழியின் ஒரு பகுதி கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டும் இடமாக இருந்தது. 2006இல் அதற்கென ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது; பின்னாளில் அதுவே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆயிற்று. 58 ஏக்கரில் இடிபாடுகளை அள்ளி, நீர்ப்பரப்பை விரித்து, அலையாத்தியும் நாட்டு மரங்களும் நட்டார்கள். 2011 ஜனவரியில் அது தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள கழிமுகப் பகுதி அடுத்த கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தப் பூங்காவுக்குள் பொதுமக்களை நெடுங்காலம் தாராளமாக விடவில்லை. பெரும்பாலும் மாணவர் குழுக்களுக்கே அனுமதி. அதைக் குறை சொன்னவர்கள் பலர். ஆனால் மரமும் மீனும் பறவையும் காலூன்ற அந்த அவகாசம் உதவியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படகும் பறவையும் ஒரே தண்ணீரைக் கேட்கும்போது சச்சரவு வரத்தான் செய்யும். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் கால்வாய் 1794இல் திறக்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டு, தன்னார்வலர்களின் பல்லாண்டு உழைப்பால் 1991இல் மீண்டும் படகு கண்டது. கைவிடப்பட்ட காலத்தில் அதில் அரிய நீர்த்தாவரங்கள் செழித்திருந்தன. படகு ஒன்றும் ஓடாவிட்டால் கோரையும் பாசியும் மூடிக்கொள்ளும்; அதிகம் ஓடினால் சேறு கலங்கித் தாவரம் அழியும். ஆகவே ஆண்டுக்கு இத்தனை படகுப் பயணங்கள்தான் என்று வரம்பு வைத்தார்கள். இங்கே அப்படி ஒரு வரம்பை முன்மொழிந்திருக்கும் கட்டுரை ஒன்றுகூட இல்லை.

கால்வாயைத் துண்டு துண்டாகப் பார்த்தால் இந்தச் சச்சரவில் பாதி தீர்ந்துவிடும். சேப்பாக்கத்திலிருந்து கோட்டூர்புரம் வரை தூண்கள் நிற்கிற பகுதியில் பயணப் படகு என்ற ஆசையை விட்டுவிடலாம். கழிவுநீர் தடுக்கப்பட்டு, ஓதம் தூண்களுக்கிடையே வந்துபோனாலே போதும். நிலையத்து மேடையில் நிற்பவருக்கு மீன்கொத்தியைப் பார்க்கும் பேறு கிடைக்கும். அடையாற்றுக் கழிமுகத்தில் துடுப்புப் படகுகள் ஓட இடமுண்டு. 1867இல் தொடங்கிய சென்னைப் படகுக் கழகத்தார் இந்த ஆற்றில் இன்றும் துடுப்பு வலிக்கிறார்கள். உறுப்பினர் அட்டை இல்லாதவர்களும் இறங்க ஒரு பொதுத்துறை வேண்டாமா?

உண்மையான நீர்வழி தெற்கே இருக்கிறது. ஒக்கியம் மடுவைக் கடந்து, முட்டுக்காடு, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், மரக்காணம் என்று போகும் தென் கால்வாயில் வானம் இன்னும் திறந்திருக்கிறது. முட்டுக்காட்டில் 1984 முதல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இயங்குகிறது. அருகிலேயே கேளம்பாக்கம் உப்பங்கழி, குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும் இடம். கடைக்கோடியில் கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பாரதிதாசன் போன வழியில் மறுபடியும் ஒரு தோணி போகும் என்றால் அது இந்தப் பகுதியில்தான், விசைப்படகு இல்லாமல், வலசைக் காலத்தில் சில துண்டுகளை மூடிவைத்து.

சோல் நகரத்தின் சொங்கியே ஓடையைப் பற்றி மூன்று கட்டுரைகள் வந்துள்ளன. மேம்பாலச் சாலையை இடித்து, 2005இல் 5.8 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்த அந்தத் துணிவு போற்றத்தக்கது. ஆனால் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படுவது. மின்கட்டணம் கட்டினால்தான் ஓடை ஓடும். சென்னைக்கு அந்தச் செலவு வேண்டாம். சந்திரன் இலவசமாக இறைத்துத் தரும்போது முகத்துவாரத்தைத் திறந்துவைப்பதே சிக்கனம்.

கரையில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கால்வாய் நாறுவதற்குக் குடிசைகளே காரணம் என்ற பேச்சு பழையது. தியாகராய நகரின் கடைகளும் அடுக்குமாடிகளும் வெளியேற்றும் நீர் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குத்தான் போகிறது. அதைச் செய்தவர்கள் யாரும் குடிசைவாசிகள் இல்லை. கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. அந்த இடங்களோ பள்ளிக்கரணைச் சதுப்பின் வடிநிலத்தில் உள்ளவை. பெருமழையில் அங்கே சூழும் வெள்ளம் ஒக்கியம் மடு வழியாக வடிந்து சேர வேண்டிய இடம் அதே பக்கிங்காம் கால்வாய்தான். தென்கால்வாய் குறுகினால், மயிலாப்பூர்க் கரையில் வீடிழந்தவரின் புது வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது. மீட்புத் திட்டத்தின் பயன்களைப் பட்டியலிடுவோர், பூங்காவுக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

காலை அமர்வு முகத்துவாரங்களைப் பற்றியது. அதற்காகவே நிகழ்ச்சி நிரலில் கடைசியில் இருந்த அதை முன்னே கொண்டுவந்தாயிற்று. பிற்பகலில் படகுத்துறை வரைபடங்கள் விரியும். அவற்றை அளிப்பவர்களிடம் அவை ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: அந்தத் துறை அமையும் இடத்தில் இன்றைக்கு ஓதம் எத்தனை அங்குலம் ஏறுகிறது? எண் கைவசம் உள்ளவர்களுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் தரப்படும். இல்லாதவர்கள் இன்று மாலையே ஓர் அளவுகோலோடு கோட்டூர்புரம் பாலத்தடிக்குப் போய்வரலாம். நாளைய அமர்வு பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது.