காசு கொடுத்தது யார்?



தேர்தல் நேரத்தில் நம் பாடி லூகாஸ் பேருந்து நிறுத்தத்தில் கையில் திணிக்கும் நோட்டீஸின் அடியைப் பாருங்கள். பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிட்டவர் பெயர் இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காலில் மிதிபடும் துண்டுக் காகிதத்துக்கே இந்தப் பொறுப்பு உண்டென்றால், காலையில் நம்பிப் படிக்கும் செய்திக்கு வேண்டாமா?

செய்தியைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோகும் மக்கள் தொடர்புத் தொழிலைப் பழிக்க நான் வரவில்லை. தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் (பி.ஆர்.ஓ.) பிலிம் நியூஸ் ஆனந்தன். அவர் அந்த வேலையைத் தொடங்கிய படம், எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958). ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்த்தவர் அவர். அந்தப் பட நிறுவனத்தின் சின்னத்திலோ ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைப் பிடித்து நிற்பார்கள். சினிமாவும் கட்சியும் பத்திரிகையும் அப்போதே கைகோத்துவிட்டன. ஆனால் யார் யாருக்காகப் பேசுகிறார் என்பது பார்த்தவருக்கெல்லாம் தெரிந்தது. தி.மு.க.வின் முரசொலியைப் படிப்பவருக்கும் அது யாருடைய ஏடு என்று தெரியும்.

அந்த அடையாளத்தை அழிக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. 2009 மகாராஷ்டிரத் தேர்தலில், முதல்வர் அசோக் சவானைப் புகழும் ஒரே கட்டுரை, போட்டிப் பத்திரிகைகளில் வரி பிசகாமல் செய்தியாக வந்தது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். காசு வாங்கிக்கொண்டு செய்தி போடும் வழக்கம் பற்றி ஆராய, பத்திரிகைகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சில் அமைத்த துணைக்குழு, 2010இல் பத்திரிகைகளின் பெயர்களைச் சொல்லியே அறிக்கை கொடுத்தது. கவுன்சிலோ பெயர்களை விழுங்கிவிட்டுச் சுருக்கத்தை வெளியிட்டது! முழு அறிக்கை வெளிவர மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. அடுத்தவர் கணக்கையெல்லாம் கேட்கும் பத்திரிகை உலகம் தன் கணக்கைப் பூட்டி வைத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

தண்டனையும் ஒருவழிப் பாதைதான். உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் இப்படி வந்த செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததால், 2011இல் தேர்தல் ஆணையம் அவரை 3 ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. வேட்பாளரின் செலவுக் கணக்கைப் பார்க்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. காசு வாங்கிய பத்திரிகையைத் தண்டிக்க இல்லை. பிரஸ் கவுன்சிலாலும் கண்டிக்க மட்டுமே முடியும்.

நம் தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2021 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்குச் சற்று முன்பு, அ.தி.மு.க.வின் விளம்பரங்கள் செய்திப் பக்கம் போன்ற தோற்றத்தில் நாளேடுகளில் வந்தன. தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ‘விளம்பரம்’ என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை ஷிப்ட் முடிந்து டீக்கடையில் பேப்பர் புரட்டும் தொழிலாளியின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

ஆகவே பத்திரிகை ஆசிரியர்களிடம் கேட்கிறேன். கட்சியோ கம்பெனியோ அனுப்பிய செய்திக்குறிப்பை அப்படியே போட்டால், அனுப்பியவர் பெயரை முதல் வரியிலேயே போடுங்கள். காசு வாங்கிப் போட்டதற்கு, தலைப்பின் அளவிலேயே ‘விளம்பரம்’ என்று அச்சிடுங்கள். பேப்பர் படிக்கும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தேர்தல் காலத்தில் மாவட்டந்தோறும் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு இயங்கும். ஒரே புகழுரையை இரண்டு பேப்பரில் பார்த்தால், இரண்டையும் கத்தரித்து, தேதியைக் குறித்து, அந்தக் குழுவுக்கு எழுதிப் போடுங்கள்.