கறுவா மணக்கும் விசுக்கோத்து

கொழும்புக்கு இலையுதிர்காலம் இல்லை. இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவே, ஒக்டோபரிலும் நவம்பரிலும் பிற்பகல்களில் இடியோடு கொட்டுகின்ற இடைப்பருவப் பெயர்ச்சி மழையே ஆண்டின் கடைக்கூறு வந்துவிட்டதை இந்நகருக்கு அறிவிக்கிறது. அந்த மழைக்காலத்தில்தான் வெள்ளவத்தை வீடுகளில் தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய்ச்சட்டி அடுப்பேறுகிறது. அடுத்த சில வாரங்களில், புனித லூசியாள் பேராலயம் நிற்கும் கொட்டாஞ்சேனையில், நத்தார்க் கேக்குக்குக் கஜுவும் பிளம்ஸும் நறுக்கப்படுகின்றன. இவ்விரு திருநாட்களுக்கும் பொதுவாக அமையத்தக்க பண்டம், வாசனைத் திரவியம் சேர்த்து வீட்டுப் போறணையில் சுடும் விசுக்கோத்து ஆகும்.

இப்பண்டத்தைச் சூழ்ந்த சொற்களிலேயே கொழும்பின் வரலாறு படிந்திருக்கிறது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து பாண், போறணை, விசுக்கோத்து, நத்தார் என்பன ஈழத்துத் தமிழில் நிலைபெற்றன. 1656இல் அவர்களிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின், சிறிய கேக் எனப் பொருள்படும் 'கூக்யே' என்ற சொல், சிங்களப் புத்தாண்டுக்கு அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்து அச்சில் பொரிக்கும் 'கொக்கிஸ்' ஆயிற்று. அமெரிக்காவில் அதுவே 'குக்கி' ஆயிற்று.

ஒல்லாந்தரின் தாய்நாட்டில், டிசெம்பரில் வரும் புனித நிக்கலஸ் திருநாளுக்குச் சுடப்படும் 'ஸ்பெகுலாஸ்' விசுக்கோத்துக்கு மணம் தருபவை கறுவா, கராம்பு, சாதிக்காய் முதலியன. அக்கறுவாவை நாடி இத்தீவின் கரையோரத்தை ஆண்ட அவர்கள், காட்டுமரங்களில் உரித்துவந்த பட்டைக்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொழும்பிலேயே தோட்டமிட்டனர். கறுவாத்தோட்டம் என்னும் இடப்பெயர் அதன் எச்சம். அக்குளிர்நாட்டுத் திருநாளின் மணத்தில், இந்த மண்ணில் உரித்த பட்டையின் மணமும் கலந்திருந்தது.

உட்பட்டையை மட்டும் உரித்து, காகிதம்போல் மெல்லிய பல படைகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி உலர்த்தியதே இலங்கைக் கறுவா. விரலால் நெரித்தால் அது நொறுங்கும். விலை குறைந்த இன்னொரு இனமான கசியாவோ தடித்த ஒற்றைச் சுருளாக வன்மையாக இருப்பதோடு, மிகுதியாக உண்டால் ஈரலைத் தாக்கக்கூடிய கூமரின் என்னும் பொருளையும் கூடுதலாகக் கொண்டது. பிறந்த இடத்தின் பெயரைப் பொருளுக்கே உரித்தாக்கும் புவியியல் குறியீட்டை, ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு வழங்கியது.

விசுக்கோத்துக்கு 250 கிராம் கோதுமை மா, 125 கிராம் பட்டர், அதே அளவு சீவிய கித்துள் கருப்பட்டி, இரண்டு தேக்கரண்டி கறுவாத்தூள், கால் தேக்கரண்டி கராம்புத்தூள், அரைத் தேக்கரண்டி ஏலக்காய்த்தூள், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, குழைப்பதற்கு இரண்டு மேசைக்கரண்டி பால் ஆகியன போதும். சரக்கின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் தங்கியிருப்பதால், பட்டையாக வாங்கி அன்றே உரலில் இடிப்பது நன்று. கொழும்பின் வெக்கையில் பட்டர் இளகி விசுக்கோத்து பரந்துவிடும் என்பதால், குழைத்த மாவை ஒரு மணி நேரம் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, பின்னர் தட்டி வெட்டி, 170 பாகைச் செல்சியசில் 12 முதல் 15 நிமிடம் சுடவேண்டும். எடுக்கும்போது மென்மையாக இருப்பது ஆறும்போது இறுகும். ஆறியதும் தகரப்பேணியில் இறுக மூடாவிட்டால் மழைக்காற்றின் ஈரத்தில் நமத்துப்போகும்.

இதில் முட்டை சேராததால், தீபாவளிக்குச் சைவ வீட்டிலிருந்து அயலுக்குப் போகும் தட்டிலும், நத்தாருக்குக் கிறிஸ்தவ வீட்டிலிருந்து திரும்பி வரும் தட்டிலும் இவ்விசுக்கோத்தைத் தயக்கமின்றி வைக்கலாம்.