தாழ்சுருதியும் அதன் பெட்டியும்

கலியாண வீட்டில் மெல்லிசைக் கச்சேரி முடிந்ததும் வந்தவர்கள் பாடகரைப் பாராட்டுவார்கள். தபலா வாசித்தவரின் கையைப் பற்றிக் குலுக்குவார்கள். பேஸ் கிட்டார் என்னும் தாழ்சுருதிக் கிட்டாரைப் பாராட்டிவிட்டுச் சென்றவர் எவரையும் நாங்கள் இதுவரை கண்டதில்லை. ஆயினும் ஒருநாள் பாட்டின் நடுவில் அந்த வாத்தியத்தின் இணைப்புக் கம்பி கழன்றுவிட்டது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் உடனே நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். எது குறைந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஏதோ குறைந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டின் கடைக்காலைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சுவரில் விரிசல் கண்டபின் அல்லவா அதன் நினைவு வருகிறது!

1806-ஆம் ஆண்டில் படைவீடாகத் தோன்றிய செகந்தராபாத் நகரில், படையோடும் பின்னர் இரயில் வேலையோடும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பங்களிலிருந்து கூடிய சிறு குழுவினர் நாங்கள். கோயில் விழா, கலியாணம், சங்க ஆண்டு விழா ஆகியவற்றில் பாடி வருகிறோம். எங்கள் வாத்தியங்களுள் எங்களுக்கு மிகுந்த தொல்லை தந்ததும், மிகுந்த பாடம் கற்பித்ததும் இந்தத் தாழ்சுருதிக் கிட்டாரே. வெளிமாநிலங்களில் இவ்வாறே குழு அமைத்துப் பாடும் தமிழ் அன்பர்களுக்கு எங்கள் அனுபவம் பயன்படலாம் என்ற எண்ணத்தால் இன்று அதனைச் சொல்ல முன்வந்தோம்.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். முற்காலத்தில் மேல்நாட்டு இசைக்குழுக்களில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பெரிய பிடில் ஒன்று இந்த வேலையைச் செய்தது. அதனைத் தூக்கிச் செல்வதே பெரும்பாடு. 1951-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர், தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க மின்சாரத் தாழ்சுருதிக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நான்கு தந்திகள், அவை விநாடிக்கு முறையே ஏறத்தாழ 41, 55, 73, 98 முறை அதிர்கின்றன. தந்தியின் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. தந்தி அசைய, சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டத்தைப் பெருக்குவது ஆம்பிளிபையர். அதை மீண்டும் ஒலியாக்குவது ஒலிபெருக்கிப் பெட்டி.

தமிழ்த் திரையிசையில் இவ்வாத்தியத்துக்குப் பெருமதிப்பு ஏற்படுத்தியவர் இளையராஜா. 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் திரையுலகில் நுழைந்த அவர், பின்னர் வந்த பல பாடல்களில் தாழ்சுருதிக் கிட்டாருக்குப் பாடகரின் மெட்டோடு உடன் நடக்கும் தனி மெட்டே அமைத்துக் கொடுத்தார். ஆகவே அந்தப் பாடல்களைப் பாட விரும்பும் குழுவுக்கு இந்த வாத்தியம் இன்றியமையாததாயிற்று.

எங்களுக்கும் ஒன்று தேவைப்பட்டது. பழைய வாத்தியம் ஒன்றை வாங்கினோம். அதனைப் பெருக்கத் தனிப் பெட்டி வேண்டும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. கோயில் பந்தலில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கியிலேயே இணைத்துவிட்டோம். பாட்டு கேட்டது, கிட்டார் கேட்கவில்லை. விரல் தந்தியில் படும் 'டக் டக்' என்ற ஓசை மட்டும் தெரு முழுவதும் பரவியது. கூம்பு ஒலிபெருக்கி பேச்சுக்காக ஏற்பட்டது. தாழ்ந்த ஒலியை வெளியிட அதனால் இயலாது.

அடுத்து, சாதாரணக் கிட்டாருக்கு உரிய சிறு பெட்டி ஒன்றை இரவல் பெற்று, ஒலியை முழுவதும் ஏற்றி வாசித்தோம். மூன்றாம் பாட்டில் அதன் காகிதக் கூம்பு கிழிந்துவிட்டது. பிழை பெட்டியுடையதன்று, எங்களுடையதே. ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே அளவு ஒலி எழுப்ப ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் நான்கு மடங்கு அசைய வேண்டும். சிறிய கூம்பு அந்த அசைவைத் தாங்காது. இரவல் கொடுத்தவருக்குப் புதுக் கூம்பு வாங்கிக் கொடுப்பதற்காகக் கோட்டி வட்டாரத்து குஜராத்தி கல்லியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அங்கேதான் ஒலிபெருக்கிகளைப் பற்றிய எங்கள் படிப்பும் தொடங்கியது.

பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. இவை இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்புறத்து ஒலியை அடைத்து வைப்பதே பெட்டியின் முதல் வேலை. சில பெட்டிகளின் முகத்தில் ஒரு துளை இருக்கும். அது கடத்தின் வாயைப் போன்றது. கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்து மூடியும் திறந்தும் வித்துவான்கள் கும்மென்ற நாதத்தை மாற்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உள்ளே அடைபட்ட காற்று வாய் வழியே ஊசலாடுவதால் அந்த நாதம் பிறக்கிறது. துளையுள்ள பெட்டியும் அவ்விதமே தாழ்ந்த ஒலிக்கு வலுவூட்டுகிறது.

இது நமக்குப் புதிய செய்தியன்று. யாழின் உறுப்புகளைக் கூறும் சங்க நூல்கள், நரம்போடு பத்தரையும் அதன்மேல் போர்த்த தோலையும் சேர்த்தே கூறுகின்றன. வீணைக்குப் பலா மரத்தில் குடைந்த குடம் அமைந்திருக்கிறது. நரம்பும் கூடும் சேர்ந்தே நம்மவர்க்கு வாத்தியம். மின்சாரக் கிட்டாரில் அந்தக் கூடு உடலை விட்டுப் பிரிந்து, ஒரு கம்பியின் மறுமுனையில் போய் நிற்கிறது. ஆதலால் கிட்டாருக்குப் பெருந்தொகை செலவழித்துவிட்டுப் பெட்டிக்குக் கஞ்சத்தனம் செய்பவர் பாதி வாத்தியத்தைத்தான் வாங்குகிறார்.

அடுத்த மயக்கம் வாட் என்னும் அளவைப் பற்றியது. நூறு வாட்டுக்குப் பதில் இருநூறு வாட் வாங்கினால் ஒலி இரு மடங்காகும் என்று நம்பினோம். உண்மையில் மூன்று டெசிபெல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு அது சிறிதளவு வேறுபாடு. இரு மடங்கு உரத்துக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். 1969-இல் அமெரிக்காவில் ஆம்பெக் கம்பெனியார் பெரிய அரங்குகளுக்காக 300 வாட் வால்வு ஆம்பிளிபையர் ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கேற்ற பெட்டியில் பத்தங்குல ஒலிபெருக்கிகள் எட்டு. அத்தகைய பெட்டியைத் தூக்க இருவர் வேண்டும். இக்காலத்தில் அதே வாட் உள்ள ஆம்பிளிபையர் இரண்டு மூன்று கிலோ எடையில் கைப்பையில் அடங்குகிறது. பெட்டியோ அவ்வளவு சுருங்கவில்லை. காற்றை அசைக்க இடம் வேண்டுமல்லவா?

பந்தல்களில் மற்றொரு பகை உண்டு. அது மின்சார இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகளில் ஓடுகிறது. அதன் இரைச்சல் 50-இலும் 100-இலும் எழுகிறது. எங்கள் நான்காம் தந்தியோ 98. ஆகவே, அந்த இரைச்சல் ஏறக்குறைய எங்கள் சுருதியிலேயே பாடிச் சேர்ந்துகொள்கிறது. இரைச்சல் கேட்டால் பலவற்றைச் சந்தேகிக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பூமி இணைப்பு. அது இல்லாத இடத்தில் தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. மின்பணியாளர் சோதித்துச் சொல்லும்வரை நாங்கள் வாத்தியத்தைத் தொடுவதில்லை. அதனால் கச்சேரி தாமதமானாலும் அந்த வழக்கத்தை விடுவதில்லை.

இனி, எங்கள் மனத்தை மாற்றிய ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஷாட மாதத்துப் போனாலுத் திருவிழாவில் டப்புக் கொட்டும், கலியாண ஊர்வலங்களில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தியர் வளர்த்த மர்ஃபா முழக்கமும் கேட்டு வளர்ந்த ஊர் இது. நாங்களும் அதிர வைக்க விரும்பினோம். நல்ல பெட்டி கிடைத்த மகிழ்ச்சியில், ஒரு கோயில் விழாவில் அதனை மரப்பலகை மேடையின் மூலையில், சுவரோரமாக வைத்துத் தாழ்ந்த ஒலியை முழுவதும் ஏற்றினோம். மேடையே முரசாகிவிட்டது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மணி ஒன்பது இருக்கும். அடுத்த வீட்டுத் தெலுங்குப் பெரியவர் மேடையருகே வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "பாபு, உங்கள் பாட்டு எனக்குப் பகையன்று. ஆனால் பாட்டு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை; நடுக்கம் மட்டுமே வருகிறது. உள்ளே என் மனைவி நோயாகப் படுத்திருக்கிறாள்" என்றார். "மன்னியுங்கள், தாதகாரு" என்பதைத் தவிர எங்களுக்கு வேறு சொல் எழவில்லை.

அவர் சொன்னது முற்றும் உண்மை. மேல் ஒலிகளைச் சுவர் தடுத்துவிடும். விநாடிக்கு 41 முறை அதிரும் ஒலியின் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம் உடையது. வீட்டுச் சுவர் அதற்குப் பெரிய தடையன்று. இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. சில திருவிழா நாட்களுக்கு மட்டும் அரசு விலக்கு அளிக்கலாம். எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆனால் சட்டம் தந்த அந்த ஒரு மணி, நோயாளிக்கு எவ்வளவு நீண்டது!

பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி, பலகையைத் தொடாமல் உயரமாக ஏற்றிவைத்து, கேட்பவர் பக்கம் திருப்பினோம். மிகத் தாழ்ந்த ஒலியைக் குறைத்து, நடுப்பகுதியைச் சற்று ஏற்றினோம். எங்களுள் ஒருவர் அப்பெரியவரோடு அவர் வீட்டு வாயில்வரை சென்று, நடுக்கம் நின்றுவிட்டதை அறிந்து வந்தார். பிறகு பாடினோம். அப்போது ஒரு வியப்பு நேர்ந்தது. அதுவரை வெறும் முழக்கமாக இருந்த கிட்டார், ஒவ்வொரு சுரமாகத் தெளிந்து கேட்டது. பாடகரின் சொற்களும் துலங்கின.

காரணம் நம் காதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தந்தியும் தன் அடிப்படை ஒலியோடு அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு ஒலிகளையும் எழுப்புகிறது. மேல் மடங்குகள் தெளிவாகக் கேட்டால், அடிப்படை ஒலி மெலிந்திருந்தாலும் காது அதனைத் தானே நிரப்பிக்கொள்கிறது. உள்ளங்கையளவு வானொலிப் பெட்டியால் 41 அதிர்வு ஒலியை எழுப்பவே முடியாது. எனினும் அதில் தாழ்சுருதிக் கிட்டாரின் மெட்டை நீங்கள் தொடர்ந்து கேட்கிறீர்கள். இல்லாத ஒலியை இருப்பதாக உணர்த்தும் ஆற்றல் உங்கள் செவிக்கு உண்டு. அதை நம்பாமல் நாங்கள் இத்தனை காலம் பெட்டியை வருத்தினோம். அண்டை வீட்டாரையும் வருத்தினோம்.

எங்கள் செவிகளையும் வருத்தினோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணிக்குமேல் இருத்தல் ஆகாது என்றும், ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் வல்லுநர் கூறுகின்றனர். கச்சேரி முடிந்தபின் காதில் இரைச்சல் நிற்குமானால் அது எச்சரிக்கை. இப்போது நாங்கள் காதடைப்பான் அணிந்தே வாசிக்கிறோம்.

ஆகவே, அன்பர்களே, பெரிய பெட்டி வாங்குமுன் நல்ல பெட்டியைத் தேடுங்கள். மேடை ஏறுமுன் மண்டபத்தை ஒருமுறை சுற்றி நடந்து, ஒலி எங்கே திரள்கிறது, எங்கே மறைகிறது என்று கேளுங்கள். மண்டபத்துக்கு வெளியேயும் பத்தடி நடந்து கேளுங்கள். பிற மொழியினர் நடுவே வாழும் நமக்கு அந்தப் பத்தடி மிக முக்கியமானது. அந்தத் தெலுங்குப் பெரியவர் மறு ஆண்டு விழாவில் முன்வரிசையில் அமர்ந்து எங்கள் தமிழ்ப் பாட்டைக் கேட்டார். கிட்டாரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எங்களுக்குக் கிடைத்த பெரும் பாராட்டு.