மண்ணுக்குச் சேர வேண்டிய கூலி

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



ஜோகூர்த் தோட்டத்திலிருந்து வந்த நாம் சிங்கப்பூரில் நின்று மண்ணைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். பக்கத்துத் தெருக்களின் பெயரைப் பாருங்கள்: பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு. இரண்டுக்கும் எருமை என்றே பொருள். தேக்கா ஒரு காலத்தில் மாட்டுப் பட்டிகள் நிறைந்த இடம்.

இதே தீவில் 19-ஆம் நூற்றாண்டில் சீனக் குடியானவர்கள் கேம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். கேம்பியர் இலையைக் காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரமாயிற்று. கேம்பியர் நிலத்துக்கோ திரும்பி வந்தது சொற்பம். காய்ச்சும் அடுப்புக்குக் காடும் விறகாய்ப் போயிற்று. சுமார் 15, 20 வருஷங்களில் மண் களைத்தது, லாலான் புல் மண்டியது. அவர்கள் ஜோகூருக்குக் கடந்தார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத நிலத்தின் கதை இது.

நம் பால் மரமும் அப்படித்தான். கோப்பையில் வடியும் ஒவ்வொரு துளியோடும் மண்ணின் சத்து வெளியேறுகிறது. அதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து உண்டு. அதே சத்தைத் தொழுவுரத்தால் கொடுக்கச் சுமார் நாலரை டன் சுமக்க வேண்டும். ஆகவே எருவே போதும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் மக்கிய குப்பை இல்லாத மண்ணில் கொட்டிய யூரியாவை நம் நாட்டு மழை கழுவிச் செல்லும். எரு மண்ணைப் பஞ்சாக்கி ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கிறது. இளம் ரப்பர் வரிசைகளுக்கிடையே படரும் அவரை இனத்து மூடுகொடியும் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்துத் தருகிறது.

இந்தியாவில் 1970-இல் தொடங்கிய நீண்டகால உரச் சோதனைகள் இதையே காட்டின. தழை, மணி, சாம்பல் சத்துக்களோடு தொழுவுரமும் சேர்த்த பாத்திகளே பல ஆண்டுகள் விளைச்சலைக் காத்தன.

ஒன்றை மட்டும் பிடித்தால் என்ன ஆகும்? இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நெல் விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடை தளர்ந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. 2021-இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை, 2022-இல் சுமார் 25 கோடி கிலோவாயிற்று. கொழுந்து குறைந்தால் முதலில் அடிபடுவது கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகளின் கூடைதானே!

நம்மிடமும் ஒரு குற்றம் உண்டு. ரப்பர் விலை விழுந்த ஒரு வருஷம், நாம் வேலை செய்த தோட்டத்தில் உரம் நிறுத்தப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் அதை ‘மிச்சம்’ என்று எழுதியது கிராணிமாராகிய நம் கைதான். பின்னர் பால் குறைந்தபோது, "வெட்டு சரியில்லை" என்று தொழிலாளி மேல் பழி விழுந்தது. மண்ணின் பசியை மனிதனின் சோம்பல் என்று எழுதினோம்!

ஆகவே நாம் கேட்போம்: மண்ணையும் இலையையும் சோதித்து உரமிடுங்கள். மறு நடவில் பழைய மரத்தை எரிக்காமல் மக்க விடுங்கள். உரம் தூவுவோருக்குக் கையுறை கொடுங்கள். உரத்தைக் குறைத்த வருஷத்தில் பால் குறைந்தால், அந்தக் குறைவைக் கூலியில் பிடிக்காதீர்கள்.

கிராணிமார்களே, உரக் கணக்கையும் பால் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் நம் கையில் இருக்க வேண்டியது அந்த இரண்டு ஏடுகள்தான்.